காட்டுக்குள் நிற்கும் ரேஞ்சர் நிலையம்: வரலாற்று மதிப்பைக் கணிக்கும் முறை

கோயில், கோட்டை, அரண்மனை என்றால் அதைக் காப்பாற்ற வேண்டும் என்று யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காட்டு ரேஞ்சரின் பழைய அலுவலகத்துக்கு அந்த வசதி கிடையாது. பலகைச் சுவர், பாசி பிடித்த கூரை, பக்கத்தில் ஒரு லாயம், தள்ளி ஒரு பெட்ரோல் கொட்டகை. ஒரே நாளில் இடித்து அள்ளிவிடலாம், கேட்க ஆளில்லை. அதனால்தான் இப்படிப்பட்ட இடத்தில் மதிப்பீட்டாளரின் குறிப்புக்குக் கனம் கூடுகிறது. அவர் எழுதாவிட்டால் அந்தக் கட்டடத்துக்காகப் பேச வேறு எதுவும் மிஞ்சாது.

இந்த அத்தியாயத்துக்கு அமெரிக்காவின் ரேஞ்சர் நிலையங்களை எடுத்துக்கொள்கிறேன். எளிய அரசுக் கட்டடங்களையும் எழுதி வைத்த அளவுகோலோடு மதிப்பிடும் பழக்கம் அங்கே 1966-இல் வந்த தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து தொடர்ந்து நடக்கிறது. நமக்கும் அந்தக் காடுகளுக்கும் ஒரு பழைய உறவும் உண்டு. 1881-இல் சென்னை மாகாணத்துக்கு வந்து, 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டத்துக்கு வழிவகுத்த டீட்ரிச் பிராண்டிஸ், ஓய்வுபெற்று ஜெர்மனியின் பான் நகரில் இருந்தபோது அவரைத் தேடி வந்து யோசனை கேட்டவர் கிஃபர்ட் பின்சோ என்ற இளைஞர். 1905-இல் அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவரானவர் அவர்தான்.

கதை முதலில்

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேமராவோடு நேராகக் கட்டடத்துக்குப் போய்விடுகிறார்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் எந்தக் கதையின் சாட்சி இது என்று தெரியாமல் பார்த்தால், இருநூறு படம் எடுத்த பிறகும் எழுத ஒரு வரி கிடைக்காது.

அமெரிக்க ரேஞ்சர் நிலையங்களின் கதையை நான்கு காலமாகப் பிரித்துக்கொள்ளலாம். 1891-இல் யெல்லோஸ்டோன் பூங்காவை ஒட்டி முதல் காப்புக்காடு அறிவிக்கப்பட்டது. 1897-இல் நிர்வாகச் சட்டம் வந்தது; மறு ஆண்டே ரேஞ்சர்களை வேலைக்கு எடுத்தார்கள். 1905 வரை காடுகள் உள்துறையின் கையில் இருந்தன. அந்தக் காலத்து ரேஞ்சர் தன் சொந்தக் குதிரையில் சுற்றி, கூடாரத்திலோ தானே வெட்டிப்போட்ட மரக்குடிலிலோ படுத்தவர். 1905 பிப்ரவரியில் காடுகள் வேளாண் துறைக்கு மாறின. 1906-இல் காட்டுக்குள் விவசாயத்துக்கு ஏற்ற நிலத்தைக் குடியேறிகளுக்குக் கொடுக்கும் சட்டம் வந்தபோது, தண்ணீரும் புல்லும் உள்ள நல்ல இடங்கள் கைவிட்டுப் போவதற்குள் வனத்துறை அவற்றை நிர்வாக இடங்கள் என்று ஒதுக்கி வைத்தது. பல நிலையங்கள் ஓர் ஓடைக்கரைப் புல்வெளியில் நிற்பதற்குக் காரணம் இதுதான். குதிரைக்கு மேய்ச்சல் இல்லாத இடத்தில் ரேஞ்சர் இருந்து என்ன செய்வது?

மூன்றாவது காலம் 1933 முதல் 1942 வரை. பெரும் பொருளாதார வீழ்ச்சியில் வேலையற்றுக் கிடந்த இளைஞர்களைக் காட்டு வேலைக்கு அனுப்பிய சி.சி.சி. என்ற குடிமக்கள் இயற்கைவளக் காப்புப் படை அப்போது இயங்கியது. ஏறத்தாழ 30 லட்சம் பேர் அதில் வேலை செய்தார்கள். மாதம் 30 டாலர் சம்பளம். அதில் 25 டாலர் வீட்டுக்குப் போய்விடும். நீங்கள் மதிப்பிடப்போகும் கட்டடம் இந்தக் காலத்தைச் சேர்ந்ததாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மரவெட்டு பெருகி அலுவலகங்கள் விரிந்தது நான்காவது காலம். அந்தக் கட்டடங்களில் பலவும் ஐம்பது வயதைத் தாண்டிவிட்டன. அவற்றைப் பழையது என்று நினைக்க மனம் வராது. அந்தத் தயக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

‘முதல் நிலையம்’ என்று சொன்னால்

எந்த ஊருக்குப் போனாலும் யாராவது ஒருவர் ‘இதுதான் முதல் நிலையம்’ என்பார். மொண்டானாவின் பிட்டர்ரூட் காட்டில் உள்ள ஆல்டா ரேஞ்சர் நிலையத்தைப் பாருங்கள். ஒரே அறைகொண்ட மரக்குடில். நத்தானியேல் வில்கர்சன், ஹென்றி டட்டில் என்ற இரண்டு ரேஞ்சர்கள் 1899-இல் தங்கள் கையால் கட்டி, ஜூலை 4-ஆம் தேதி கொடி ஏற்றினார்கள். வயோமிங்கின் ஷோஷோனி காட்டில் வாபிட்டி நிலையம் இருக்கிறது; அது 1903-இல் எழுந்தது. இரண்டுக்கும் ‘முதல்’ என்ற பெயர் உண்டு. இரண்டுமே சரிதான். ஆல்டா, ரேஞ்சர்கள் தங்கள் கைக்காசில் கட்டிக்கொண்ட நிலையம். வாபிட்டி அரசுப் பணத்தில் கட்டப்பட்ட முதல் ரேஞ்சர் நிலையம். 1963-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டதற்கு அந்தத் தகுதி காரணம்.

இந்த இணையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘முதல்’ என்று சொன்னால் எதில் முதல், எந்த எல்லைக்குள் முதல் என்று எழுத வேண்டும். அப்படி எழுதும்போதே பாதிக் கோரிக்கைகள் தாமாக உதிர்ந்துவிடும். மிஞ்சியதற்கு வலு கூடும். ஆல்டாவும் வாபிட்டியும் சேர்ந்து ஒரு திருப்பத்தைக் காட்டுகின்றன: காட்டைக் காக்கிறவர் தன் கைக்காசில் கூரை போட்ட காலம் போய், அரசு அவருக்குக் கூரை போட்டுக் கொடுக்கும் காலம் வந்தது. யார் முந்தியது என்ற வழக்கைவிட எழுதத் தகுந்தது இதுதான்.

நான்கு வாசல்கள்

வரலாற்று இடங்களுக்கான அமெரிக்கத் தேசியப் பதிவேட்டில் ஒரு கட்டடம் நுழைய நான்கு வாசல்கள் இருக்கின்றன. வரலாற்றின் ஒரு நிகழ்வோடோ போக்கோடோ தொடர்பு. முக்கியமான ஒரு மனிதரோடு தொடர்பு. வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் சிறப்பு. இனிமேல் தோண்டியோ ஆராய்ந்தோ தெரிந்துகொள்ளக் கூடிய தகவல். ஏதாவது ஒன்றில் தேறினால் போதும். நான்கிலும் அரைகுறையாகத் தேற்றப் பார்ப்பது வீண்வேலை.

ரேஞ்சர் நிலையத்துக்குப் பெரும்பாலும் பொருந்துவது முதல் வாசல். ‘வனப் பாதுகாப்பின் வரலாற்றோடு தொடர்புடையது’ என்று எழுதினால் அது நாட்டின் எந்த நிலையத்துக்கும் பொருந்தும். ஆகவே எதையும் சொல்லவில்லை. இந்த நிலையத்திலிருந்து என்ன வேலை நடந்தது? ஆட்டு மந்தைகளுக்கு மேய்ச்சல் சீட்டு கொடுத்தார்களா? மரம் விற்றார்களா? தீக்கண்காணிப்புக் கோபுரங்களின் தொலைபேசிக் கம்பிகள் இங்கே வந்து சேர்ந்தனவா? 1910 ஆகஸ்டில் இடாஹோ, மொண்டானா பகுதிகளில் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர் எரிந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பின் தீயணைப்பே வனத்துறையின் தலையாய வேலையாயிற்று. கோபுரம், பாதை, தொலைபேசி என்று ஒரு வலை விரிந்தது. உங்கள் கட்டடம் அந்த வலையில் எந்த முடிச்சு என்று சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது. தேசிய அளவில் முக்கியம் என்று காட்ட வேண்டிய கட்டாயமில்லை. ஒரு பள்ளத்தாக்குக்கு மட்டும் முக்கியமானதும் பதிவேட்டுக்குத் தகுதியானதே.

இரண்டாவது வாசலில் நிதானம் வேண்டும். நியூ மெக்ஸிகோவில் த்ரேஸ் பியெத்ராஸ் என்ற ஊரில், ஆல்டோ லியோபோல்ட் கார்சன் வனத்தின் மேற்பார்வையாளராக இருந்தபோது 1912-இல் கட்டிய வீடு இன்னும் நிற்கிறது. புது மனைவியோடு அங்கே குடிபுகுந்தவர் அடுத்த வசந்தத்திலேயே கடும் நோயில் விழுந்து அந்தப் பதவியை விட்டுப் போனார். காட்டியல் சிந்தனையில் அவர் பெயர் நிலைத்தது பின்னால் செய்த வேலைகளால்: 1924-இல் கீலா பகுதியை மனிதக் கை படாத வனமாக ஒதுக்க வைத்தது, விஸ்கான்சினில் பாழ்பட்ட பண்ணையை வாங்கி மரம் நட்டு எழுதியது. அந்தப் பண்ணைக் குடிசை தேசியச் சின்னம். ஒருவர் எங்கே தூங்கினார் என்பதைவிட, எந்த வேலைக்காக அவரை நினைக்கிறோமோ அந்த வேலை எங்கே நடந்தது என்பதையே இந்த அளவுகோல் கேட்கிறது. த்ரேஸ் பியெத்ராஸ் வீட்டுக்குச் சொல்ல வேறு நல்ல காரணங்கள் உண்டு. நிர்வாகமே தொடக்க நிலையில் இருந்த காலத்தில் ஒரு வனத்தின் தலைமையிடம் எப்படி இருந்தது என்று அது காட்டுகிறது. பெரிய பெயர் கிடைத்துவிட்டால் இப்படிப்பட்ட காரணங்களைத் தேடாமல் விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது.

மூன்றாவது வாசலில் அடிக்கடி வரும் எதிர்வாதம்: ‘இது நிலையான வரைபடத்தில் கட்டியது, இதே மாதிரி இன்னும் நாற்பது இருக்கிறது.’ உண்மைதான். 1930-களில் வட்டார அலுவலகங்கள் தரப்படுத்திய வரைபடங்களை வைத்திருந்தன. ஆலோசகக் கட்டடக் கலைஞர் எல்லிஸ் கிரோபன் தொகுத்த ஏற்கத்தக்க வரைபடங்களின் நூல் 1938-இல் வந்தது. ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் உள்ள நிலையங்களின் ஜன்னல் கதவுகளிலும் முகப்பு முக்கோணத்திலும் பைன் மர உருவை அறுத்தெடுத்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலே வனத்துறைக் கட்டடம் என்று தெரியும். ஒரே அச்சில் வார்ப்பதுதான் அன்றைய நோக்கம். ஆகவே அதுவே அதன் வரலாறு. நாற்பது இருப்பதாகச் சொல்கிறவரிடம், இன்று எத்தனை மிச்சம், அதில் எத்தனை முழுத் தொகுதியாக நிற்கின்றன என்று கேளுங்கள். பல சமயம் விடை ஒற்றை இலக்கத்தில் வரும்.

நான்காவது வாசலைக் கட்டடம் பார்ப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். பழைய கழிவறைக் குழி, குப்பைக் குழி, இடிந்த கொட்டிலின் அடித்தளம் எல்லாம் நிலத்தடியில் இருக்கும். இன்னும் ஒன்று: ஓடையும் புல்லும் பாதையும் கூடும் இடத்தை ரேஞ்சர் தேர்ந்தெடுப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பூர்வகுடிகள் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அந்த மக்களின் பிரதிநிதிகளைக் கலந்துகொள்ளாமல் எழுதிய மதிப்பீடு குறையுள்ளது. சட்டமும் அந்தக் கலந்தாய்வைக் கேட்கிறது.

கட்டடத்தின் முன் நிற்கும்போது

உள்ளே நுழையும் முன் ஓர் எச்சரிக்கை. மேற்கு மாநிலங்களின் பூட்டிக் கிடந்த மரவீடுகளில் மான்-எலி குடியிருக்கும். அதன் எச்சம் தூசியாகப் பறந்தால் ஹன்டா வைரஸ் தொற்றலாம், உயிரையும் எடுக்கும். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டுக் காற்றாட விடுங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள்; பிளீச் கலந்த தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள். 1978-க்கு முந்திய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மூலைக்குப் போங்கள். மரக்குடிலின் வயதும் கட்டியவரின் திறமையும் மூலைப் பொருத்தில்தான் தெரியும். கோடரி வெட்டு தெரிகிறதா, ரம்பம் அறுத்த தடமா? கட்டைகளின் சந்தில் வைத்த மண்ணும் கலவையும் ஒரே காலத்தவையா, பின்னால் சிமெண்ட் வைத்துப் பூசினார்களா? தரையைத் தொடும் அடிக்கட்டை எப்போதுமே முதலில் உளுத்துப்போகும், அதை மாற்றியிருப்பார்கள். மாற்றியவர் பழைய பொருத்தை அப்படியே செதுக்கியிருந்தால் அது குறையாகாது.

ஆணியைப் பாருங்கள். அமெரிக்காவில் 1890-களில் வெட்டாணியின் இடத்தைக் கம்பி ஆணி பிடித்தது. சதுரத் தண்டுள்ள வெட்டாணி இருந்தால் கட்டடம் பழையது என்று குதிக்க வேண்டாம். பழைய பலகையை மறுபடி பயன்படுத்தியிருக்கலாம். ஆணி ஒரு கட்டடம் எதற்கு முந்தியிருக்க முடியாது என்பதைச் சொல்லும். எந்த ஆண்டு என்று சொல்லாது.

கட்டுமானப் பொருள் பாதையைப் பற்றியும் பேசும். முழுக்க அக்கம்பக்கத்து மரத்தில் கட்டி, கண்ணாடியும் கீலும் மட்டும் வெளியிலிருந்து வந்திருந்தால், அவை கழுதை முதுகில் ஏறி வந்திருக்கும். அப்போது வண்டிப்பாதை இல்லை. அறுத்த பலகையும் கான்கிரீட் அடித்தளமும் இருந்தால் லாரி வந்துவிட்டது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இந்த மாற்றம் தெரிந்தால், காட்டுக்குள் சாலை வந்த ஆண்டை அந்த வளாகமே சொல்கிறது.

அலுவலகச் சுவரில் கூரைக்குக் கீழே ஒரு சிறு துளையையும் அதன் பக்கத்தில் பீங்கான் குமிழையும் தேடுங்கள். காட்டுத் தொலைபேசியின் ஒற்றை இரும்புக் கம்பி உள்ளே வந்த வழி அது. வெளியே வந்து அந்தத் துளை பார்க்கும் திசையில் நடந்தால், பழைய மரங்களில் கம்பியைத் தாங்கிய பிளவு இன்சுலேட்டர் பட்டைக்குள் புதைந்து கிடப்பதைக் காணலாம். அதைப் பிடுங்காதீர்கள், இடத்தைக் குறித்துப் படமெடுங்கள். நிலையத்தையும் மலை உச்சிக் கோபுரத்தையும் இணைத்த கோடு அது. உங்கள் குறிப்பின் மையச் சான்றாக அமையலாம்.

லாயத்தையும் பெட்ரோல் கொட்டகையையும் விறகுக் கொட்டிலையும் வீட்டுக்குச் சமமாக அளந்து பதியுங்கள். இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பேன் என்றால், இதை வையுங்கள். ரேஞ்சரின் வீடு அழகாக இருக்கும். அதைக் காப்பாற்ற ஆள் வருவார்கள். வேலை நடந்தது கொட்டகைகளில். குதிரை கடித்துத் தேய்த்த தீவனத் தொட்டி விளிம்பும், அதே லாயத்தின் ஒரு பக்கத்தைப் பின்னால் லாரிக்காக அகலமாக்கிய கதவும், குதிரையிலிருந்து எஞ்சினுக்கு மாறிய ஒரு தலைமுறையை எந்த ஆவணத்தையும்விடத் தெளிவாகக் காட்டும். அந்தக் கொட்டகைகளை இடித்துவிட்டு வீட்டை மட்டும் வைத்துக்கொண்டால், மிஞ்சுவது காட்டோரத்தில் ஒரு வீடு, அவ்வளவுதான்.

மூல உரு எவ்வளவு மிச்சம்

முக்கியத்துவம் இருந்தால் மட்டும் போதாது. அதைக் காட்டும் உரு மிஞ்சியிருக்க வேண்டும். இடம், வடிவமைப்பு, சுற்றுப்புறம், பொருள், கைத்திறன், உணர்வு, தொடர்பு என்று ஏழு கூறுகளைப் பதிவேடு கேட்கிறது. ஏழுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த வாசலில் நுழைகிறீர்களோ அதற்கு எந்தக் கூறு இன்றியமையாதது என்று பாருங்கள். வடிவமைப்புக்காகத் தகுதி கோரும் கட்டடத்தில் மர ஜன்னலைக் கழற்றிப் பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டி, பைன் மரம் அறுத்த கதவுகளை எறிந்திருந்தால் அடி பலமானது. தீயணைப்பு வலையின் முடிச்சாகத் தகுதி கோரும் வளாகத்தில் அதே ஜன்னல் மாற்றம் சிறிய குறை. அங்கே புல்வெளியைத் தார் போட்டு வண்டி நிறுத்துமிடமாக்கியதுதான் பெரிய இழப்பு.

இதற்கு முன் ‘முக்கியத்துவக் காலம்’ ஒன்றை முடிவுசெய்ய வேண்டும்: 1935 முதல் 1942 வரை என்பதுபோல. மாற்றங்கள் எல்லாவற்றையும் அந்தக் காலத்துக்கு எதிரே வைத்துத்தான் எடைபோட முடியும். 1940-இல் சேர்த்த பின்கட்டு அதன் உறுப்பு. 1975-இல் சேர்த்தது அந்நியம். கட்டடத்தை இடம் மாற்றியிருந்தால் எப்போது, ஏன் என்று கேளுங்கள். அந்தக் காலத்துக்குள்ளேயே வேலைக்காக இழுத்துப் போயிருந்தால் அது வரலாற்றில் சேர்ந்தது. சுற்றுலாவுக்காக அண்மையில் சாலையோரம் கொண்டுவந்து வைத்திருந்தால் தகுதி காட்டுவது கடினம்.

காகிதங்கள்

ரேஞ்சர்கள் தினமும் நாட்குறிப்பு எழுதக் கடமைப்பட்டவர்கள். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் 95-ஆம் எண் தொகுப்பு வனத்துறையுடையது. நாட்குறிப்பு, வரைபடம், பழைய புகைப்படம் எல்லாம் அதில் கிடைக்க வாய்ப்புண்டு. உள்ளூர் அலுவலகத்தின் கட்டடப் பதிவட்டைகளையும் விடாதீர்கள். வரைபடத்துக்கும் கட்டடத்துக்கும் முரண் வந்தால் கட்டடத்தை நம்புங்கள், வரைந்ததெல்லாம் கட்டப்பட்டதில்லை. அந்த நிலையத்தில் வளர்ந்த ரேஞ்சர் பிள்ளைகள் இன்னும் இருந்தால், காகிதம் தேடுவதைத் தள்ளிவைத்து முதலில் அவர்களைப் போய்ப் பாருங்கள்.

குறிப்பு எழுதுவது

முக்கியத்துவக் குறிப்பு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. கற்பனையான ஒரு நிலையத்துக்கு அதன் மையப்பகுதி இப்படி இருக்கலாம்:

‘இந்த வளாகம் 1935-இல் வட்டாரத்தின் நிலையான வரைபடப்படி சி.சி.சி. இளைஞர்களால் கட்டப்பட்டது. 1942 வரை, இந்தப் பள்ளத்தாக்கின் மூன்று தீக்கண்காணிப்புக் கோபுரங்களும் தொலைபேசிவழி இங்கேயே தகவல் கொடுத்தன. தீயணைப்பு ஆட்களும் கழுதைகளும் இங்கிருந்தே புறப்பட்டன. அலுவலகம், வீடு, லாயம், பெட்ரோல் கொட்டகை, புல்வெளி ஆகிய ஐந்தும் அன்றைய அமைப்பிலேயே உள்ளன. அலுவலகத்தின் வடக்கு ஜன்னல்கள் மாற்றப்பட்டுள்ளன. லாயக் கூரையில் மர ஓட்டுக்குப் பதில் தகரம் உள்ளது. இம்மாற்றங்கள் வளாகத்தின் வேலைமுறையை மறைக்கவில்லை. உள்ளூர் அளவில், முதல் அளவுகோலின்படி தகுதியுடையது.’

இதில் ‘பாரம்பரியப் பெருமை’, ‘ஈடு இணையற்ற’ போன்ற சொற்கள் இல்லை. குறைகளையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். எதிர்த்தரப்பு கண்டுபிடித்துச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

தகுதி உண்டு என்று எழுதிவிட்டால் கட்டடம் தானாகத் தப்பிவிடாது. வாஷிங்டன் மாநிலத்தில் கிரீன் மவுண்டன் உச்சியில் 1933-இல் கட்டிய தீக்கோபுரம் பதிவேட்டில் இருந்தது. ஆனாலும் மனிதக் கை படாத வனமாகச் சட்டம் காக்கும் பகுதிக்குள் ஹெலிகாப்டர் வைத்து அதைப் புதுப்பித்தது செல்லாது என்று 2012-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அகற்றவும் சொன்னது. 2014-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டுத்தான் அது நிலைத்தது. ஆகவே குறிப்போடு நிலத்தின் சட்ட நிலையையும் ஒரு பத்தியில் சேருங்கள். வளாகத்தின் அளவெடுத்த வரைபடம், நான்கு திசையிலிருந்தும் ஒவ்வொரு கட்டடத்தின் படம், பார்க்க முடியாத பகுதிகளின் பட்டியல், நீங்கள் பார்த்த தேதி ஆகியவற்றை இணைத்து, வனத்தின் பாரம்பரிய அலுவலருக்கு ஒரு படியும் மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒரு படியும் அனுப்புங்கள்.